உப்புக் காற்றில் புரோத்தன் மென்சவ்வு

எரிபொருள் கலத்தில் புரோத்தனைக் கடத்தும் நாஃபியன் மென்சவ்வில் ஒரு சதுர மீற்றரை உருப்படாமல் ஆக்க எவ்வளவு உப்புத் தேவை? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பரவலாக விற்கப்படும் நாஃபியன் 212 வகையின் தடிப்பு ஏறத்தாழ 50 மைக்ரோமீற்றர். ஒரு சதுர மீற்றரின் நிறை 100 கிராம் அளவில் வரும். அந்தப் பல்பகுதியத்தின் 1100 கிராமுக்கு ஒரு மூல் என்ற விகிதத்தில் சல்போனிக் அமிலக் கூட்டங்கள் இருக்கின்றன. ஒவ்வொரு கூட்டத்திலும் உள்ள புரோத்தனைத் தள்ளிவிட்டு ஒரு சோடியம் அயன் உட்கார்ந்துகொண்டால் கதை முடிந்தது. அதற்கு வேண்டிய கறியுப்பு 5.3 கிராம், அதாவது ஏறத்தாழ ஒரு தேக்கரண்டி. இன்றைய ஐதரசன் கார்களில் வரும் 10 மைக்ரோமீற்றர் அளவு மென்சவ்வுக்கோ ஒரு கிராமே போதும்.

பெங்களூரிலோ பேர்ளினிலோ இருந்து பார்த்தால் இது வேடிக்கைக் கணக்கு. இலங்கையின் கற்பிட்டியில் அப்படியல்ல. குடாநாட்டின் ஒருபுறம் கடல், மறுபுறம் களப்பு. களப்பின் தென்கோடி வறண்ட மாதங்களில் கடலைவிட உப்புக் கரிக்கும். புத்தளத்திலும் பாலாவியிலும் உப்பு விளைவது இந்த வெயிலாலும் காற்றாலும்தான். அதே காற்றை நம்பித்தான் 2010இல் மாம்புரியில் 10 மெகாவாற்று காற்றாலை நிலையம் எழுந்தது. பிறகு கற்பிட்டி வரையில் வேறு சிலவும் வந்தன. அதே கரையில்தான் நுரைச்சோலை அனல்மின் நிலையமும் இருக்கிறது: 300 மெகாவாற்று வீதம் மூன்று அலகுகள், நாட்டின் மிகப்பெரிய மின்னுற்பத்தி நிலையம்.

2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுவதும் மின்சாரம் போனபோது நுரைச்சோலையின் மூன்று அலகுகளும் நின்றன. அனல்மின் நிலையத்தை நினைத்தவுடன் மீண்டும் ஏற்ற முடியாது. அடுத்த நாட்களிலும் மின்வெட்டு நீடித்தது. இரண்டு மாதம் கழித்து சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் நேர்மாறான சிக்கல் வந்தது. தொழிற்சாலைகள் மூடியிருந்ததால் மின்சாரத்துக்குக் கேள்வி இறங்கிவிட்டது. கூரைச் சூரிய மின்தொகுதிகளை நிறுத்திவைக்கும்படி மின்சார சபை வீட்டுக்காரர்களைக் கேட்டுக்கொண்டது. ஒருநாள் போதவில்லை, ஒருநாள் மிஞ்சுகிறது. மிஞ்சுவதைக் கொண்டு நீரைப் பிரித்து ஐதரசனாக்கி வைத்து, வேண்டும்போது எரிபொருள் கலத்தில் கொடுத்து மின்சாரமாகத் திரும்பப் பெறலாம் என்பது பலரும் சொல்லும் வழி. பெற்றோலிய அபிவிருத்தி அதிகாரசபை 2023இல் தேசிய ஐதரசன் வழிவரைபடம் ஒன்றையும் வெளியிட்டிருக்கிறது.

இதில் என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பகலில் மிஞ்சுவதை இரவுக்கு வைப்பதற்கு ஐதரசன் வீண்செலவு. மின்கலத்தில் நூறு அலகு போட்டால் எண்பத்தைந்தாவது திரும்பி வரும். ஐதரசன் வழியில் முப்பதோ நாற்பதோதான். 2024 மார்ச்சில் இந்திய நன்கொடையில் நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகியவற்றுக்கான கலப்பு மின்திட்டம் ஒப்பந்தமானபோது சூரிய ஒளியோடும் காற்றோடும் மின்கலமே சேர்க்கப்பட்டது. சரியான முடிவு. ஐதரசனுக்கு இடமிருப்பது வாரக்கணக்கில் நீளும் சேமிப்பிலும், நெடுநேரம் கடலில் நிற்கும் படகுகளிலும், உரத் தொழிலிலும்தான். இவற்றில் மின்பகுப்புக் கலமானாலும் எரிபொருள் கலமானாலும் அதன் ஆயுளைத் தீர்மானிப்பதில் பெரும்பங்கு அந்த மெல்லிய பல்பகுதியத் தாளுக்கு உண்டு. அறுபது ஆண்டுகளுக்கு மேலாக அதைத் திருத்திக்கொண்டே வருகிறார்கள். அந்தத் திருத்தங்களில் எவை இந்தக் கரைக்கு உதவும் என்பதுதான் இங்கே கேள்வி.

உப்புத் தொழில் தந்த தாள்

எரிபொருள் கலத்தின் அனோட்டில் ஐதரசன் பிளாற்றின ஊக்கியின்மேல் புரோத்தனாகவும் இலத்திரனாகவும் பிரிகிறது. இலத்திரன் வெளிச்சுற்றால் போய் வேலை செய்கிறது. புரோத்தன் மென்சவ்வைக் கடந்து கதோட்டுக்குப் போய் அங்கே ஒட்சிசனோடு சேர்ந்து நீராகிறது. ஆக, மென்சவ்வு புரோத்தனை விட வேண்டும், இலத்திரனை விடக்கூடாது, இருபுறத்து வாயுக்களும் கலக்கவும் விடக்கூடாது. இத்தனையையும் 80 பாகை செல்சியஸில், கடும் அமிலச் சூழலில், ஆயிரக்கணக்கான மணிநேரம் செய்ய வேண்டும்.

1955இல் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் வில்லர்ட் தோமஸ் கிரப், அயன்மாற்றுப் பிசினைத் தாளாக்கி மின்பகுபொருளாகப் பயன்படுத்தலாம் என்று காட்டினார். சில ஆண்டுகளில் லியனார்ட் நீட்ராக் அதன்மேல் பிளாற்றினத்தைப் படியவைக்கும் வழியைக் கண்டார். 1965 ஆகஸ்டில் ஜெமினி 5 விண்கலம் இந்தக் கலத்தோடு பறந்தது. அப்போதைய மென்சவ்வு சல்போனேற்றிய பொலிஸ்ரைரீன் வகை. கலம் ஓடும்போது உண்டாகும் ஐதரசன் பேரொட்சைட்டும் அதிலிருந்து பிறக்கும் ஐதரொட்சில் மூலிகங்களும் அதன் காபன்–ஐதரசன் பிணைப்புகளை அரித்துத் தின்றன. கலம் தந்த நீரில் சிதைந்த பல்பகுதியத் துணுக்குகள் கலந்திருந்ததால் வீரர்கள் அதைக் குடிக்க முடியவில்லை. அப்பல்லோவுக்கு நாசா வேறு வகையான காரக் கலத்தைத் தேர்ந்தெடுத்தது.

வழி திறந்தது உப்புத் தொழிலின் பக்கத்தில். 1960களின் பிற்பகுதியில் டூபொன்ட் நிறுவனத்தின் வால்தர் குரோட் தெஃப்லோனின் முதுகெலும்பில் சல்போனிக் அமிலக் கிளைகளைத் தொங்கவிட்டு நாஃபியனை உருவாக்கினார். அதன் பெரிய சந்தை, உப்புக் கரைசலை மின்னால் பிரித்து எரிசோடாவும் குளோரீனும் எடுக்கும் ஆலைகள். நம் நாட்டிலும் பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை ஆனையிறவு உப்பைக் கொண்டு அதே இரண்டையும் செய்துகொண்டிருந்தது. 1980களில் போர் அதை நிறுத்தியது. இன்று எரிசோடா கப்பலில் வருகிறது.

நாஃபியனின் உள்ளமைப்பு இன்னும் முழுதாகத் தீராத வழக்கு. தெஃப்லோன் பகுதி நீரை வெறுக்கிறது; சல்போனிக் முனைகள் நீரை இழுக்கின்றன. அதனால் நீர் தனியே திரண்டு வழிகளை உண்டாக்குகிறது. 1980களின் தொடக்கத்தில் கீர்க்கும் ஹ்சூவும் தந்த படத்தில் சுமார் 4 நனோமீற்றர் விட்டமுள்ள நீர்க்குமிழ்கள், அவற்றை இணைக்கும் 1 நனோமீற்றர் குறுவழிகள். 2008இல் ஷ்மிட்-ரோரும் சென்னும் அதை மறுத்து, நீளவாட்டில் இணையாக ஓடும் 2.4 நனோமீற்றர் உருளைகள் என்றார்கள். எந்தப் படம் சரியானாலும் நீர் இருந்தால்தான் வழி இருக்கிறது. புரோத்தன் ஒரு நீர் மூலக்கூறிலிருந்து அடுத்ததற்கு, வரிசையில் நிற்கும் கட்டடத் தொழிலாளர்கள் கல்லைக் கைமாற்றுவதுபோல, தாவிப் போகிறது; 1806இலேயே குரொத்தஸ் சொன்ன வழி இது. நீரில் முழுதாக ஊறிய நாஃபியனில் ஒரு சல்போனிக் கூட்டத்துக்கு இருபதுக்கு மேற்பட்ட நீர் மூலக்கூறுகள் இருக்கும். கடத்துதிறன் சென்ரிமீற்றருக்கு 0.1 சீமென்ஸ் அளவு. உலர உலர அது பத்தில் ஒன்றாகவும் அதற்குக் கீழும் இறங்கிவிடும்.

மேம்படுத்தும் வழிகள்

மிகப் பெரிய பலனைத் தந்த திருத்தம் வேதியியலில் வந்ததல்ல, தடிப்பைக் குறைத்ததில் வந்தது. நாஃபியன் 117 சுமார் 180 மைக்ரோமீற்றர் தடிப்பு. சதுர சென்ரிமீற்றருக்கு ஓர் அம்பியர் ஓடும்போது அதில் மட்டும் 0.18 வோல்ற்று போய்விடும். ஒரு கலம் நடைமுறையில் தருவதே 0.65 வோல்ற்று அளவில்தான். 10 மைக்ரோமீற்றர் தாளில் அந்த இழப்பு 0.01 வோல்ற்று. ஆனால் வெறும் நாஃபியனை அவ்வளவு மெல்லியதாக்கினால் கிழிந்துவிடும். நனையும்போது ஒவ்வொரு திசையிலும் பத்துச் சதவீதத்துக்கு மேல் விரிந்து, உலரும்போது சுருங்கி, இழுபட்டு இழுபட்டு வெடிப்பு விடும். நுண்துளைத் தெஃப்லோன் வலையின் துளைகளுக்குள் அயன்பல்பகுதியத்தை நிரப்பும் முறையைக் கோர் நிறுவனம் 1990களில் கொண்டுவந்தது. அந்த வலை விரிவைக் கட்டிப்போடுகிறது. 2014இல் வந்த டொயோட்டா மிராயில் இருப்பது அந்த வகைதான்.

இரண்டாவது, மூலிகங்களின் அரிப்பு. நாஃபியன் சங்கிலியின் நுனிகளில் தயாரிப்பின்போது தங்கிவிட்ட காபொட்சிலிக் அமில முனைகளிலிருந்துதான் அது தொடங்குகிறது என்று தெரிந்த பிறகு, அந்த முனைகளைப் புளோரீனேற்றி மூடினார்கள். அதோடு சிறிதளவு சீரியத்தையும் மென்சவ்வுக்குள் சேர்க்கிறார்கள். அது மூலிகங்களைப் பிடித்துத் தணிக்கிறது. இரும்பு அயனோ எதிரி. பேரொட்சைட்டிலிருந்து மூலிகம் பிறக்க அதுவே ஊக்கி. துருப்பிடித்த ஒரு குழாய் இணைப்பு, பல ஆண்டுகள் உழைக்க வேண்டிய மென்சவ்வைச் சில மாதங்களில் ஓட்டையாக்கிவிடலாம்.

மூன்றாவது வழியில் கட்டுரைகள் மலைபோல் குவிந்திருக்கின்றன: சிலிக்கா, தைத்தானியம் ஈரொட்சைட்டு, சேர்க்கோனியம் பொசுபேற்று, கிரபீன் ஒட்சைட்டு என்று எதையாவது தூளாக்கி நாஃபியனுக்குள் கலப்பது. அத்தூள் நீரைப் பிடித்துவைக்கிறது. வெப்பநிலை ஏறினாலும் கடத்துதிறன் விழாது. காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனமான செக்ரியின் சென்னைக் கிளையில் சோல்–ஜெல் முறையில் சிலிக்காவைச் சேர்த்து நல்ல வேலை நடந்திருக்கிறது. ஆனாலும் இந்த வகையின் பெரும்பாலான ஆய்வுகளில் ஒரு வரைபடத்தில் கடத்துதிறன் ஏறுவதைக் காட்டிவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். 500 மணிநேரம் ஓடிய கலத்தைத் திறந்து பார்த்தவர்கள் குறைவு. தூள் கலந்த தாள் பெரும்பாலும் விறைப்பாகிவிடும். நனைந்து உலரும் சுழற்சியில் அதுவே முதலில் வெடிக்கும்.

புளோரீனே இல்லாத மென்சவ்வுகள் நாலாவது. சல்போனேற்றிய பொலிஈதர் ஈதர் கீற்றோன், சல்போனேற்றிய பொலிபீனிலீன் போன்றவை வாயுவைக் கசியவிடுவது குறைவு, தயாரிப்பும் மலிவு. 2000களின் தொடக்கத்தில் ஹொண்டா தன் காரில் அரோமற்றிக் மென்சவ்வைப் போட்டுப் பார்த்தது. உலர்ந்த நிலையில் கடத்துதிறன் விழுவதும் மூலிகங்களுக்கு எளிதில் இரையாவதும்தான் இவற்றின் பலவீனம். அண்மையில் இவற்றுக்கு வந்திருக்கும் புதிய மவுசுக்குக் காரணம் வேறு. சூழலில் அழியாமல் தங்கும் புளோரீன் சேர்மங்களின் தயாரிப்பிலிருந்து 2025 முடிவோடு விலகுவதாக 3எம் நிறுவனம் 2022 டிசம்பரில் அறிவித்தது. 2023 ஜனவரியில் ஜேர்மனி உள்ளிட்ட ஐந்து ஐரோப்பிய நாடுகள் அவ்வகைச் சேர்மங்கள் அனைத்துக்கும் கட்டுப்பாடு கோரி ஐரோப்பிய இரசாயன முகவரகத்திடம் முன்மொழிவு கொடுத்தன. நாஃபியனும் அந்தக் குடும்பத்துப் பிள்ளைதான்.

இன்னொரு பாதை நீரையே கைவிடுவது. 1995இல் கேஸ் வெஸ்ரேர்ன் றிசேர்வ் பல்கலைக்கழகத்தில் பொலிபென்சிமிடசோல் என்னும் பல்பகுதியத்தைப் பொசுபோரிக் அமிலத்தில் ஊறவைத்து 150 பாகைக்கு மேலும் ஓடும் கலத்தைச் செய்தார்கள். ஈரப்பதன் வேண்டாம், ஐதரசனில் காபனோரொட்சைட்டு ஒரு சதவீதம் இருந்தாலும் ஊக்கி தாங்கும். குளிரும்போதுதான் ஆபத்து. 100 பாகைக்குக் கீழே வந்து நீர் திரவமானால் அமிலம் அதோடு கழுவிப் போய்விடும். 2016இல் லொஸ் அலமோஸ் ஆய்வுகூடம் அமிலத்தை அயன் சோடியாகக் கட்டிவைத்து 80 முதல் 160 பாகை வரை ஓட்டிக் காட்டியது. நம்பிக்கை தரும் திசை.

காரத்தில் ஓடும் அனயன் மென்சவ்வுகளும், ஓரணு தடிப்புள்ள கிரபீன் புரோத்தனை விடும் என்ற 2014இன் கண்டுபிடிப்பும் தனிக் கட்டுரைக்கு உரியவை. முன்னது விரைவில் பயன்படலாம். பின்னதை இப்போதைக்கு இயற்பியலாளர்களிடமே விட்டுவிடலாம்.

கரைக்கு வந்தால்

கனடாவிலும் ஜப்பானிலும் இந்தத் துறையில் எழுதப்பட்டவற்றில் கணிசமான பகுதி உறைபனியில் கலத்தைக் கிளப்புவது பற்றியது. அது நமக்கு வேண்டியதில்லை. நமக்கு உள்ள மூன்று சிக்கல்களில் முதலாவது ஒரு மாயை. கற்பிட்டிக் காற்றில் ஈரம் நிறைய இருக்கிறதே, மென்சவ்வு உலராது என்று தோன்றும். 30 பாகையில் 80 சதவீத ஈரப்பதன் உள்ள வளியில் நீராவி அமுக்கம் 3.4 கிலோபஸ்கால். 80 பாகையில் நிரம்பல் அமுக்கம் 47 கிலோபஸ்கால். ஆகவே நம் சட்டையை ஒட்டவைக்கும் இந்தக் காற்று கலத்துக்குள் போய்ச் சூடானதும் அதன் சார் ஈரப்பதன் 7 சதவீதம்தான். மென்சவ்வுக்கு இது பாலைவனம். வெளிவளி வெப்பமாக இருப்பதால் கலத்தின் சூட்டை வெளியேற்றவும் பெரிய கதிர்வீசி வேண்டும். உயர்வெப்பநிலை மென்சவ்வு இரண்டையும் தீர்க்கும். ஆனால் காற்றோடு ஏறியிறங்கும் நிலையத்தில் அடிக்கடி நிறுத்திக் குளிரவிட நேரும். அப்போது இதே ஈரக்காற்றைப் பொசுபோரிக் அமிலம் உறிஞ்சிக் கசியத் தொடங்கும்.

இரண்டாவது உப்பு. ஒரு கிலோவாற்று கலம் மணிக்கு ஏறத்தாழ 3.3 கனமீற்றர் வளியை இழுக்கும். கனமீற்றருக்கு 20 மைக்ரோகிராம் உப்பு என்று கணக்குக்கு வைத்துக்கொள்வோம். அலை உடையும் கரையில் இது மிகையான எண் அல்ல. அப்படியானால் மணிக்கு 66 மைக்ரோகிராம். அந்தக் கலத்துக்கு வேண்டிய மென்சவ்வு 0.15 சதுர மீற்றர். 10 மைக்ரோமீற்றர் தடிப்பானால் அதன் அமில இடங்கள் முழுவதையும் நிரப்ப 0.16 கிராம் உப்பு. வடிகட்டியே இல்லாமல், வந்த சோடியம் அத்தனையும் உள்ளே தங்கினால், 2,400 மணிநேரத்தில் வேலை முடியும். ஒரு சோளகப் பருவத்தை இடைவிடாமல் ஓடிக் கடக்கக் கூட அது போதாது. நடைமுறையில் ஒரு பகுதியை வடிகட்டி பிடிக்கும். ஒரு பகுதியைக் கலத்தின் நீர் கழுவும். ஆனால் முழுதும் நிரம்பும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. பத்தில் ஒன்றிரண்டு இடங்கள் பறிபோனாலே மின்னழுத்தம் இறங்கத் தொடங்கும். கதோட்டு வளியில் உப்பைச் சேர்த்துப் பின்லாந்து ஆய்வாளர்கள் 2007இல் வெளியிட்ட சோதனையிலும் இழப்புக்கு முதன்மைக் காரணம் மென்சவ்வின் கடத்துதிறன் குறைந்ததே. சோடியம் கதோட்டில் எதனோடும் வினைபுரிந்து மறைவதில்லை. மின்புலம் தள்ளத் தள்ள அந்தப் பக்கமே குவிந்து, ஒட்சிசனுக்குப் புரோத்தன் கிடைக்காமல் செய்கிறது.

இங்கேதான் நான் வலியுறுத்த விரும்பும் முரண் இருக்கிறது. மெல்லியதாக்கும் போட்டியில் மென்சவ்வு ஜெயித்த ஒவ்வொரு படியிலும் உப்பைத் தாங்கும் அதன் இருப்பு குறைந்துகொண்டே வந்திருக்கிறது. 180 மைக்ரோமீற்றர் தாள் பதினெட்டு மடங்கு அதிக சோடியத்தை விழுங்கிச் சமாளிக்கும். அமெரிக்க எரிசக்தித் திணைக்களம் மென்சவ்வுக்கு வைத்திருக்கும் இலக்கு 0.02 ஓம்–சதுர சென்ரிமீற்றர் பரப்புத் தடை. அந்த இலக்கின் பின்னால் ஓடும் உலகச் சந்தை நமக்கு உகந்த தடிப்பைத் தானாகக் கொண்டுவந்து தராது. கரையில் நிற்கும் ஒரு நிலையத்துக்கு எடையும் இடமும் காருக்குப்போல முக்கியமில்லை. 50 மைக்ரோமீற்றர் தாளைப் போட்டு, 0.05 வோல்ற்றை இழந்து, ஆயுளை வாங்கிக்கொள்வதே புத்தி.

வடிகட்டியும் எளிதல்ல. கறியுப்பு 75 சதவீத ஈரப்பதனில் தானே நீராகக் கரையும். நம் கரையில் இரவுதோறும் அந்த அளவு தாண்டும். பகலில் வடிகட்டியில் பளிங்காகச் சிக்கிய உப்பு இரவில் கரைசலாகி இழைகளினூடே மறுபுறம் வந்துவிடும். கடலோர வாயுச்சுழலி நிலையங்கள் வெகுகாலமாக அறிந்த தொல்லை இது. நீரை விலக்கும் வடிகட்டிகளை அவை அதற்காகவே பயன்படுத்துகின்றன. நுரைச்சோலையின் புகைபோக்கியிலிருந்து வரும் கந்தகவீரொட்சைட்டு பிளாற்றினத்துக்கு நஞ்சு என்பது தனிப் பிரச்சினை. அதற்கு வேறு வடிகட்டி வேண்டும்.

மூன்றாவது நீர். மின்பகுப்புக் கலத்துக்கு ஒரு கிலோ ஐதரசனுக்கு 9 லீற்றர் நீர் கணக்குப்படி வேண்டும். கற்பிட்டியின் மணற்பாங்கான நிலத்தடி நீரில் வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் போட்ட உரத்தின் நைத்திரேற்று கலந்திருக்கிறது; வண்ணாத்திவில்லுப் பக்கம் சுண்ணாம்புக்கல் நீர், கல்சியம் மிகுந்தது. கல்சியம் அயன் இரட்டை ஏற்றம் கொண்டது. ஒன்று வந்தால் இரண்டு அமில இடங்களைப் பிடித்துக்கொள்ளும், விடாது. ஏற்கெனவே உப்பாகிவரும் கிணறுகளோடு போட்டிக்குப் போவதைவிடக் கடல்நீரையே நன்னீராக்குவது நல்லது. ஒரு கனமீற்றருக்கு 4 கிலோவாற்று மணி போதும். அந்த நீரிலிருந்து வரும் ஐதரசனுக்கோ 5,000 கிலோவாற்று மணிக்கு மேல் வேண்டும். செலவு ஒரு பொருட்டே அல்ல. எஞ்சும் செறிந்த உப்புநீரைக் களப்பில் விடாமல் உப்பளத்துக்குக் கொடுத்துவிடலாம் என்பது இந்த மாவட்டத்துக்கு மட்டும் வாய்த்த வசதி.

எரிசோடா ஆலைகள் இந்த விடயத்தில் நமக்கு முன்னோடி. அங்கே நாஃபியன் குடும்பத்து மென்சவ்வு செறிந்த உப்புக் கரைசலில் ஆண்டுக்கணக்கில் உழைக்கிறது. சோடியத்தைக் கடத்துவதே அங்கே அதன் வேலை. ஆனால் கல்சியமும் மக்னீசியமும் சேர்ந்து நூறு கோடியில் 20 பங்குக்கு மேல் போகாதபடி கரைசலைச் சுத்திகரித்த பிறகுதான் உள்ளே விடுகிறார்கள். கடினநீரைத் தாங்கும் தாளைத் தேடி அவர்கள் காத்திருக்கவில்லை.

இறால் கோது

சிலாபம், முந்தல், புத்தளம் என்று கரை நெடுக இறால் பண்ணைகள். 1996இல் வெண்புள்ளி நோய் வந்து பல பண்ணைகளை வெறும் குட்டைகளாக்கிவிட்டுப் போனாலும் தொழில் இன்னும் நிற்கிறது, கோதும் சேர்கிறது. அந்தக் கோதிலிருந்து கைற்றின், கைற்றினிலிருந்து கைற்றோசன், கைற்றோசனிலிருந்து மலிவான புரோத்தன் மென்சவ்வு என்ற யோசனை உலகெங்கும் ஆய்வுக் கட்டுரைகளில் வருகிறது. நம் கரைக்கு இது அளவெடுத்துத் தைத்ததுபோல் தோன்றுவதால் சற்று நின்று பார்க்க வேண்டும்.

கைற்றோசனில் அமைன் கூட்டங்கள் இருக்கின்றன. அமிலத்தில் அவை புரோத்தனை ஏற்கும். வெறும் படலத்தின் கடத்துதிறன் நனைந்த நிலையிலும் நாஃபியனின் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுதான். சல்பூரிக் அமிலத்தால் குறுக்கிணைத்தால் பத்தில் ஒன்றுக்கு ஏறும். மெதனோலைக் கசியவிடுவது குறைவு என்பதால், மெதனோலில் ஓடும் சிறு கலங்களுக்கு மெய்யாகவே பொருத்தம். ஆனால் வெல்லச் சங்கிலியின் பிணைப்புகள் சூடான அமிலத்தில் நீர்ப்பகுப்புக்கு உள்ளாகும். ஐதரொட்சில் மூலிகங்களுக்கோ அவை விருந்து. 80 பாகையில் ஆயிரக்கணக்கான மணிநேரம் ஓட வேண்டிய கலத்தில் கைற்றோசனை நம்ப இதுவரை காரணம் கிடைக்கவில்லை.

இயற்கைப் பொருள் என்ற பட்டத்தையும் கொஞ்சம் சோதிக்கலாம். கோதிலுள்ள சுண்ணாம்பைக் கரைக்க ஐதரோகுளோரிக் அமிலம் வேண்டும்; புரதத்தை நீக்க எரிசோடா வேண்டும்; கைற்றினைக் கைற்றோசனாக்க 40 முதல் 50 சதவீதச் செறிவுள்ள சூடான எரிசோடாக் கரைசல் வேண்டும். அந்த எரிசோடா, இன்றைய புதிய ஆலைகளில், புளோரீன் மென்சவ்வின் ஊடாகத்தான் வருகிறது. கழிவுக் காரமும் எங்காவது போக வேண்டும். களப்புக்குப் பக்கத்தில் என்றால் இன்னும் கவனமாக. கோதுக்கு மருந்துக் கட்டுத்துணியிலும் நீர் சுத்திகரிப்பிலும் இதைவிட நல்ல விலை கிடைக்கும்.

அக்கரையும் இக்கரையும்

மன்னார் வளைகுடாவுக்கு அப்பால் தூத்துக்குடியில் வைத்து, கொச்சி கப்பல் கட்டும் தளம் செய்த ஐதரசன் எரிபொருள் கலப் படகை 2024 பெப்ரவரி 28ஆம் திகதி இந்தியப் பிரதமர் கொடியசைத்துத் தொடக்கிவைத்தார். 50 பேர் பயணிக்கலாம். தொடக்கிவைத்தது கடலோரத்தில் என்றாலும் அது ஓடுவதற்கென்று குறிக்கப்பட்ட இடம் வாரணாசியில் கங்கை. அங்கே உப்புக்காற்று இல்லை. 2023இலிருந்து நோர்வேயின் கடற்கழியில் ஐதரசனில் ஓடும் ஹைட்ரா என்ற பயணிகள் படகே நமக்கு நெருங்கிய முன்மாதிரி. ஆனால் நோர்வேயின் வெப்பநிலை வேறு.

சென்னையில் எரிபொருள் கல வேலைக்கு நீண்ட வரலாறு உண்டு. 1990களில் ஸ்பிக் அறிவியல் அறக்கட்டளை புரோத்தன் மென்சவ்வுக் கலங்களைச் செய்தது; அந்த வேலை பின்னர் ஐஐடி மெட்ராஸ் ஆய்வுப் பூங்காவிலுள்ள எரிபொருள் கலத் தொழில்நுட்ப மையத்தில் தொடர்ந்தது. குஜராத்தின் பாவ்நகரில் 1954இலிருந்து இயங்கும் மத்திய உப்பு, கடல்சார் இரசாயன ஆய்வு நிறுவனம் உவர்நீரை நன்னீராக்க அயன்மாற்று மென்சவ்வுகளைத் தானே செய்கிறது. உப்பை ஆராயத் தொடங்கியவர்கள் மென்சவ்வில் கைதேர்ந்தது எனக்கு வியப்பாக இல்லை. இலங்கையில் பேராதனைப் பல்கலைக்கழகத்திலும் கண்டி ஹந்தானையிலுள்ள அடிப்படைக் கற்கைகள் நிறுவனத்திலும் பல்பகுதிய மின்பகுபொருள் ஆய்வு பல பத்தாண்டுகளாக நடந்துவருகிறது. 1996இலும் 2006இலும் திண்ம நிலை அயனியல் பற்றிய ஆசிய மாநாடு கண்டியில் நடந்தது அதன் பயனே. அந்த ஆய்வின் நாட்டம் பெரும்பாலும் இலிதியம் மின்கலம், சாயச் சூரியக்கலம் ஆகியவற்றின் பக்கம்.

அங்கிருந்து புரோத்தன் மென்சவ்வுக்கு வருபவர் இன்னொரு கலவைத் தூளைச் சேர்த்து இன்னொரு கடத்துதிறன் வரைபடத்தைப் போட்டால் உலகத்துக்குப் புதிதாக ஒன்றும் கிடைக்காது. உலகத்திடம் இல்லாதது வெப்பவலயக் கரையின் தரவு. நாஃபியன் 212, 117, வலை கொண்ட மெல்லிய தாள் ஒன்று, புளோரீன் இல்லாத பொலிபீனிலீன் ஒன்று ஆகிய நான்கையும் விலைக்கு வாங்கலாம். அவற்றைச் சிறு கலங்களில் பூட்டி மாம்புரியிலோ கண்டக்குழியிலோ ஒரு கொட்டகையில் வைத்து, ஒரு தொகுதிக்கு வடிகட்டிய காற்று, மற்றதற்கு வடிகட்டாத காற்று என்று ஒரு சோளகமும் ஒரு வாடையும் ஓடவிட வேண்டும். மாதந்தோறும் ஒரு துண்டை எடுத்து அமிலத்தில் கழுவி, கழுவிய நீரில் சோடியமும் கல்சியமும் எவ்வளவு என்று அளக்கலாம். அதற்கான சுவாலை ஒளிமானி எந்த விவசாய பீடத்திலும் இருக்கும். ஐதான சல்பூரிக் அமிலத்தில் கழுவிய தாளின் கடத்துதிறன் எத்தனை சதவீதம் மீள்கிறது, எத்தனையாவது கழுவலில் மீளாமல் போகிறது என்பது அடுத்த அளவீடு. கலத்தைப் பிரிக்காமலே, நிறுத்திவைக்கும் நேரத்தில் அமிலத்தைச் சுற்றவிட்டுக் கழுவ முடியுமா, அப்படிக் கழுவினால் மூலிகங்களைத் தணிக்கச் சேர்த்திருந்த சீரியமும் கூடவே போய்விடாதா என்பதையும் அந்தக் கொட்டகையிலேயே பார்த்துவிடலாம். தடித்த தாள்களில் அந்தக் கழுவலுக்கு இடையிலான காலம் எத்தனை மடங்கு நீள்கிறது என்று தெரிந்தால்தான், 0.05 வோல்ற்றைக் கொடுத்து ஆயுளை வாங்கலாம் என்று நான் மேலே சொன்னது சரியான பேரமா என்பதும் தெரியும்.